அச்சுக் குதிகால்

ஜூன் 2

அக்கா,

உன் பார்சல் வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தேன். "என்னால முடியல, ஒரு மாசமாவது வந்து இரு" என்று எழுதியிருந்தேன். நீ வரவில்லை. உனக்குப் பதிலாக ஒரு கட்டுப் பென்சிலும், ரப்பரும், நீ வேலை பார்க்கும் தபால் வழி ஓவியப் பள்ளியின் பாடப் புத்தகமும் வந்திருக்கின்றன. "படம் வரைஞ்சா மனசு லேசாகும்" என்று ஒரு சீட்டு வேறு. வீடு பற்றி எரிகிறது என்றால் விசிறி அனுப்பிவைக்கிறவள் நீ.

அப்பாவுக்கு வாதத்தில் வலது பக்கம் விழுந்தது விழுந்ததுதான். பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது: "சீ." கரண்டியை வாயருகே கொண்டுபோனால் சீ. தண்ணீர் கொடுத்தால் சீ. நான் அறைக்குள் நுழைந்தால் அதற்கும் ஒரு சீ. ஊரிலிருந்த ஓட்டல்களை எல்லாம் முகர்ந்து பார்த்தே பூட்டுப் போட வைத்த சுகாதார ஆய்வாளருக்கு ஆண்டவன் பொறுக்கி எடுத்து விட்டுவைத்த சொல். நாம் அவருக்கு "மோப்பம்" என்று பெயர் வைத்தது வீண் போகவில்லை.

எனக்குக் குமட்டுகிறது, அக்கா. எச்சில் கிண்ணம், ஈரத்துணி, வாயோரம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் சாப்பாடு. ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துடைக்கிறேன். ஒற்றைக் கையால் துடைத்தால் எவ்வளவு சுத்தமாகுமோ அவ்வளவு சுத்தமாகத்தான் இருக்கிறார்.

லிஃப்ட் கம்பெனியில் ஆகஸ்ட் முதல் தேதி வரைதான் என் இடத்தை வைத்திருப்பார்களாம். அதற்குள் நான் போகாவிட்டால் வேறு மெக்கானிக்கைப் போட்டுவிடுவார்கள். இதை நீ படிப்பாயா, இல்லை இதற்கும் ஒரு பென்சில் வருமா?

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

கடிதத்தின் பின்பக்கத்தில் கோபத்தில் கிறுக்கியிருந்தாயே, அதைப் பார்த்தேன். கோடு நன்றாக இருக்கிறது. மணிக்கட்டால் இழுக்காமல் தோளிலிருந்து இழுத்திருக்கிறாய். பணம் கட்டிச் சேர்கிறவர்களுக்கு அது வர மாதக்கணக்கில் ஆகும்.

நான் ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியும், தெரியாத மாதிரி எழுதுகிறாய். என் முதல் எண்ணெய் வர்ணப் பெட்டியை அவர் இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போனதை நீ வாசற்படியில் நின்று பார்த்தாய். "சீ, நாத்தம்." பெட்டி குப்பைத் தொட்டிக்குப் போனது, கூடவே படங்களும். அந்தப் படங்களை அவர் திட்டியிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன். அவர் அவற்றைப் பார்க்கவே இல்லை. முகர்ந்தார், அவ்வளவுதான்.

என் பிழைப்பு ஒன்றும் சந்தன வாசனை இல்லை. காலையிலிருந்து ஆப்பிள் திருத்துகிறேன். ஊர் ஊராக எவனெவனோ வரைந்து அனுப்பும் ஆப்பிள். வியர்வைக் கை பட்ட தாள்கள், எண்ணெய்க் கறை, ஒருவன் தாளில் நசுங்கிய கொசு. எல்லாவற்றின் மேலும் டிரேசிங் தாளை விரித்து, எங்கள் பள்ளியின் அச்சுப் படத்தை வைத்துச் சிவப்புப் பென்சிலால் சரியான வடிவத்தைப் போட்டு, பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். ஆப்பிளைக் கண்டாலே எனக்கு வாந்தி வரும் இப்போது.

ஆனாலும் பாடம் வேலை செய்யும். இரண்டாவது பாடத்தைச் செய்: நாற்காலியை வரையாதே, நாற்காலிக் கால்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தை வரை. மூன்றாவது: கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார். என்ன பொருள் என்று கேட்காதே. இருட்டா, வெளிச்சமா, அது மட்டும். உன்னை நான் தம்பி என்று பார்த்துத் திருத்தப் போவதில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்கா


ஜூன் 20

அக்கா,

நாற்காலி இத்துடன். வெற்றிடத்தை வரைந்தால் நாற்காலி தானாக வந்து நிற்கிறது. கண்கட்டு வித்தைதான், ஒத்துக்கொள்கிறேன். இதைச் செய்யும்போது மட்டும் மூக்கு கொஞ்சம் வேலை செய்யாமல் இருக்கிறது.

மூன்றாம் பாடத்தில் "ஒரு கை அல்லது ஒரு கால்" என்று இருந்தது. அசையாத கால் இந்த வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு, கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்து, போர்வையை முழங்கால் வரை ஒதுக்கிவிட்டு வரைந்தேன். கிட்டே போக மனசு வரவில்லை. அந்த நகம் மஞ்சளாக, கடலை ஓடு மாதிரி. கண்ணைப் பாதி மூடினேன், நீ சொன்னபடி என்ன ஏது என்று கேட்கவில்லை. இருட்டான இடத்தில் இருட்டு, வெளிச்சமான இடத்தில் வெளிச்சம்.

வரைந்து முடிப்பதற்குள் அவருக்கு என்ன வந்ததோ, இடது கையால் போர்வையைக் காலை நோக்கித் தள்ளித் தள்ளி "சீ, சீ" என்றார். நானும் பதிலுக்கு "சீ" என்றேன். எங்கள் உரையாடல் இப்போது இந்த அளவில் போகிறது.

அறையில் புதிதாக ஒரு நாற்றம். எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று பீரோவை நகர்த்திப் பார்த்தேன். இல்லை. கழிவுநீர்க் குழாயாக இருக்கும், ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி


ஜூன் 28

தம்பிக்கு,

நாற்காலி: பத்துக்கு ஏழு.

கால்: பத்துக்கு நான்கு. முன்பாதம் நன்றாக வந்திருக்கிறது. விரல்களில் அவசரம் இல்லை. குதிகாலில்தான் கோட்டை விட்டாய். அடியில் சப்பையாக இருக்கிறது. குதிகால் உருண்டை, அது யாருக்கு என்றாலும் உருண்டைதான். போதாததற்கு நடுவில் கன்னங்கரேலென்று ஒரு திட்டு. அந்த இடத்தில் அவ்வளவு நிழல் விழ வழியே இல்லை. வெளிச்சம் ஜன்னலிலிருந்து வருகிறது என்றால் அங்கே நடுத்தர சாம்பல்தான் வரும். உன் உள்ளங்கை பென்சில் கரியில் பட்டுத் தாளில் தேய்ந்திருக்கிறது. நூற்றில் எண்பது பேர் செய்கிற தவறு. ரப்பரால் ஒற்றி எடு.

சரியான வடிவத்தைச் சிவப்பில் டிரேசிங் தாளில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உன் படத்தின் மேல் வைத்துப் பார்த்துத் திருத்தி அனுப்பு.

நாற்றம் பற்றி: ஜன்னலைத் திறந்து வை. நம் இருவருக்கும் அவருடைய மூக்கு வந்து வாய்த்திருக்கிறது, இல்லாத நாற்றமும் தெரியும்.

அக்கா


ஜூலை 6

அக்கா,

நீ சொன்னபடி திருத்தியாயிற்று. கருந்திட்டை அழித்தேன், குதிகாலை உருட்டினேன். மறுபடி நேரில் பார்த்து வரையவில்லை. போர்வையைத் தூக்கவே அருவருப்பாக இருக்கிறது, உன் சிவப்புக் கோடு இருக்கும்போது எதற்கு அந்தக் கண்றாவி? ஆனால் ஒன்று சொல்கிறேன், கரி பட்ட மாதிரி எனக்குத் தோன்றவில்லை. நான் கைக்கு அடியில் துணி வைத்துத்தான் வரைந்தேன். போகட்டும், திருத்துகிறவள் நீ.

குழாய்க்காரன் வந்தான். "குழாயெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க, நாத்தம் ரூமுக்குள்ளருந்துதான் வருது" என்று சொல்லிவிட்டு அப்பாவை ஒரு பார்வை பார்த்தான். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஊதுவத்தி கொளுத்தி வைத்தேன். நாற்றமும் ஊதுவத்தியும் சேர்ந்து வருவது நாற்றம் மட்டும் வருவதைவிட மோசம்.

தம்பி


ஜூலை 11

தம்பிக்கு,

பத்துக்கு எட்டு. பார்த்தாயா, சொன்னால் கேட்கிறவனுக்கு வரும். இதைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருக்கிறார்கள்.

அக்கா


ஜூலை 17

அறிவிப்புப் பலகையிலிருந்து அதை எடுத்துக் கிழித்துப் போடு.

நேற்று மூத்திரக் குழாய் மாற்ற நர்ஸம்மா வந்தார்கள். உள்ளே நுழையும்போதே மூக்கு சுருங்கியது. நேராகப் போய்ப் போர்வையை இழுத்தார்கள். எனக்கு முதுகு காட்டித்தான் நின்றார்கள், ஆனால் அந்த முதுகே என்னைத் திட்டியது.

"தம்பி, இங்க வாங்க. கண்ணை எங்க வச்சிருந்தீங்க? காலு மெத்தையில பட்டுப் பட்டு குதிகால் அழுகிப் போயிருக்குது. எத்தனை நாளா இது கறுத்துக் கிடந்துச்சு?"

எத்தனை நாளாக என்று எனக்குத் தெரியும் அக்கா. ஜூன் இருபதாம் தேதிக்கு முன்னாலிருந்தே. அதை நான் வரைந்து உனக்கு அனுப்பினேன். குதிகால் சப்பையாக இருந்தது, ஏனென்றால் அது சப்பையாகத்தான் போயிருந்தது. கறுப்பாக இருந்தது, ஏனென்றால் கறுப்பாகத்தான் இருந்தது. நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தும் தெரிந்தது. நீ இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு அழிக்கச் சொன்னாய். நான் ரப்பரை எடுத்து அழித்தேன். என்மேல் எனக்கு வருகிற அருவருப்புக்கு முன்னால் அந்தப் புண் ஒன்றுமே இல்லை.

கறுத்த தோலை வெட்டி எடுத்தபோது வந்த நாற்றத்தை எழுத முடியாது. நர்ஸம்மா முகம் மாறவில்லை. நான் வெளியே ஓடிப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். உள்ளே அவர் "சீ" என்றார். இத்தனை நாளும் அவர் போர்வையைத் தள்ளித் தள்ளிச் சொன்னது இதைத்தான்.

புண் ஆறாமல் உள்ளே இறங்கினால் காலை எடுக்க வேண்டி வரும் என்றார்கள். தினம் உப்புத் தண்ணீரில் கழுவி, குழிக்குள் வலைத்துணி வைத்துக் கட்ட வேண்டும். குதிகால் மெத்தையில் படவே கூடாது. ஆகஸ்ட் முதல் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இனி வா என்று கெஞ்ச மாட்டேன்.


ஜூலை 21

வருகிறேன். சனிக்கிழமை காலை வண்டி. நீ உன் பையைக் கட்டி வை.

கரி தேய்ந்த அழுக்கு என்று எழுதிய என் கையெழுத்தை அலுவலக நகலில் எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு அழகான கையெழுத்து. துப்ப வேண்டும் போல இருந்தது.

அக்கா


ஆகஸ்ட் 5

அக்கா,

வேலையில் சேர்ந்துவிட்டேன். ஏழு மாடிக் கட்டடம், லிஃப்ட் குழிக்குள் எண்ணெயும் தூசியும் செத்த பல்லியும். இங்கே மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஒன்றும் பேசாமல் இருக்கிற அழுக்கு எவ்வளவோ மேல்.

நாம் பேசிக்கொண்டதை மறக்காதே. வாரம் ஒரு படம். புண் எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டாம், எழுத்தில் நாம் இரண்டு பேருமே புளுகர்கள். வரைந்து அனுப்பு.

தம்பி


ஆகஸ்ட் 12

தம்பிக்கு,

படம் இத்துடன். போன வாரத்தைவிடச் சிறுத்திருக்கிறது. அவர் இன்னமும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முதல் நாள் என் கையை முகர்ந்து பார்த்தார் என்றால் நம்புவாயா? "பெயின்ட் கரைக்கிற டர்ப்பன்டைன் இல்ல, சோப்புத்தான்" என்றேன். "சீ" என்றார்.

நர்ஸம்மா லீவில் போயிருக்கிறார்கள், மாதக் கடைசியில் வருவார்கள். கட்டுப் போடும் முறையைக் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

இரண்டாவது படம். சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்துவிட்டது. கவலைப்படாமல் வேலையைப் பார்.

அக்கா


ஆகஸ்ட் 24

அக்காவுக்கு,

இரண்டு படத்தையும் அறைச் சுவரில் ஒட்டி வைத்தேன். கூட வேலை செய்கிறவர் பார்த்துவிட்டு, "யாருப்பா வரைஞ்சது, பிரமாதமா இருக்கே" என்றார். அதுதான் எனக்கு உறுத்தியது. புண் எப்படிப் பிரமாதமாக இருக்கும்?

உன் பழைய டிரேசிங் தாள் பாடப் புத்தகத்துக்குள் கிடந்தது, நீ சிவப்பில் போட்டுக் கொடுத்த சரியான குதிகால். எடுத்து உன் முதல் படத்தின் மேல் வைத்தேன். கோட்டுக்குக் கோடு பொருந்துகிறது. இரண்டாவதன் மேல் வைத்தேன். அதுவும் பொருந்துகிறது. நம் அப்பாவின் குதிகால் சப்பை அக்கா, நான் பார்த்திருக்கிறேன். நீ அனுப்பியது உன் பள்ளிக்கூடத்து அச்சுக் குதிகால். அதன் நடுவில் வாரத்துக்கு வாரம் சின்னதாகிற ஒரு வட்டம் போட்டிருக்கிறாய், அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை நீயுமா?

நீ அதைப் பார்க்கவே இல்லை. எப்படிக் கட்டுகிறாய் என்றுகூட என்னால் சொல்ல முடியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவித் தடவி. நானும் அந்த வீட்டில் வளர்ந்தவன்தானே.

திட்டவில்லை, திருத்துகிறேன். பத்துக்குப் பூஜ்யம். திரும்பச் செய்யவும். நான்காவது பாடத்தை நீதான் எனக்கு அனுப்பினாய்: தாளைப் பார்க்காமல் வரைவது. தாளை மூடிவிடு, கண் பொருளை விட்டு நகரக் கூடாது, கண் ஊர்கிற வேகத்தில் பென்சிலும் ஊர வேண்டும். பொருள் எது என்று உனக்கே தெரியும். கால் போனால் அச்சுக் குதிகாலை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?

தம்பி


ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

நீ சொன்னது எல்லாம் சரி. கண்ணை மூடிக்கொண்டுதான் கட்டினேன். மூக்கில் துணி கட்டி, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து, விரல் நுனியால். உள்ளே ஈரமாக, மெத்தென்று எது பட்டாலும் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வேன். முடிந்ததும் ஓடிப் போய்க் கையைத் தோல் உரியக் கழுவுவேன். பிறகு மேசையில் உட்கார்ந்து, உனக்கு அழகாக ஒரு குதிகால். அதை வரைவது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? சுத்தமான குதிகால்.

நேற்றுக் காலை ஜன்னலைத் திறந்தேன். அவர் காலைத் தலையணை மேல் வைத்துக் கட்டைப் பிரித்து, வெளிச்சத்துக்குத் திருப்பினேன். தாளை மடியில் வைத்து அதன் மேல் துண்டைப் போட்டேன், பென்சில் பிடித்த கை மட்டும் துண்டுக்குள்ளே. பார்த்தேன். இரண்டு கோடு போவதற்குள் எழுந்து போய் வாந்தி எடுத்தேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடி போனேன். மூன்றாம் தடவை வயிற்றில் எதுவும் இல்லை, அதனால் உட்கார முடிந்தது.

அது வட்டமே இல்லை. பொத்தான் அளவும் இல்லை, என் கட்டை விரல் உள்ளே போகும். ஓரத்தில் தோல் ஊறிப்போய் வெள்ளையாகச் சுருங்கியிருக்கிறது. உள்ளே மஞ்சள், அதற்குக் கீழே சாம்பல், ஒரு பக்கம் மட்டும் சிவப்பு. கீழ் ஓரம் உள்ளே குடைந்துகொண்டு போகிறது. கண் அந்தக் குடைவுக்குள் போயிற்று, பென்சிலும் போயிற்று. இவ்வளவு நேரம் ஒரு பொருளை நான் பார்த்ததே இல்லை. நான் திருத்திய ஆப்பிள்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

துண்டை எடுத்ததும் தாளைப் பார்த்தேன். கோணல்மாணலாக, கைக்குழந்தை கிறுக்கியது போல இருந்தது. குடைவுக்குள்ளிருந்து ஒரு கோடு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, மெலிதாக, முடி மாதிரி. பென்சில் தடுக்கியிருக்கிறது என்று நினைத்தேன். கை தானாக ரப்பரை எடுத்தது, தம்பி. தாளில் வைத்தும்விட்டேன். அப்போதுதான் உன் கருந்திட்டு ஞாபகம் வந்தது. ரப்பரை ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன்.

அந்தக் கோடு எதுவோ அது காலில் இருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். நூல் வந்தது, நூலோடு வலைத்துணி வந்தது, வந்துகொண்டே இருந்தது. பச்சை பூத்து, கொழகொழவென்று. முதல் வாரம் நான் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே திணித்தது. எடுக்கும்போது எல்லாம் வந்துவிட்டது என்று விரல் சொன்னதை நம்பி, அதன் மேலேயே தினம் புதிது வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நாற்றத்தை எழுத முடியாது என்று ஜூலையில் நீ எழுதினாய். நானும் எழுதவில்லை.

இன்று நர்ஸம்மா லீவு முடிந்து வந்தார்கள். துணியைக் காட்டினேன். "இது உள்ள கிடந்தா எந்தப் புண்ணும்மா ஆறும்? இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தீங்க, காலை மறந்துட வேண்டியதுதான்" என்றார்கள். கழுவி, அந்தச் சிவப்புப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, "இங்க சதை வருது. இனிமே பாத்துக் கட்டுங்க" என்றார்கள். பாத்து என்பதை அழுத்திச் சொன்னார்கள்.

அவர்கள் போன பிறகு படத்தை அப்பாவிடம் காட்டினேன். ஏன் என்று கேட்காதே. பழி தீர்ப்பதற்காக இருக்கலாம்: இந்தாருங்கள், உங்கள் மகள் வரைந்தது, இதையும் முகருங்கள். இடது கையால் வாங்கினார். மூக்குக்கிட்டே கொண்டுபோகவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஓரத்தை, குடைவை, அந்த மெல்லிய கோட்டை. பிறகு தன் காலைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"சீ" என்றார்.

இத்தனை வருடத்தில் என் படத்துக்குக் கிடைத்த முதல் சரியான மதிப்பெண். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஆமாப்பா, சீதான்" என்றேன்.

தம்பிக்கு அனுப்ப வேண்டும், கொடுங்கள் என்று கேட்டேன். கொடுக்கவில்லை. இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. இப்போதும் அதை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார், எச்சில் பட்டு ஓரம் நனைகிறது. அதனால் இந்தக் கடிதத்தோடு படம் இல்லை. உனக்கு வேறொன்று வரைய வேண்டும். அதற்கு நாளைக் காலை மறுபடியும் அந்தப் புண்ணைப் பார்த்தாக வேண்டும். சீ.

அக்கா